எட்டு நிமிட மூச்சு

தொண்டியில் நின்று சொன்ன ஸலாத்தை நம்புதாளையில் நிற்பவர் கேட்கும்படி, ஊர்விட்டு ஊர் கேசட் நாடாவை இழுத்துக் கட்டியவள் ஜுனைதா. இதை அவளேதான் சொல்வாள். கேட்பவர் யாராவது கண்ணைச் சுருக்கினால், அவளே இறங்கியும் வருவாள். "சரி, நம்புதாளை கொஞ்சம் கூடுதல். எங்க வீட்டு அடுப்படியிலேருந்து முன்கூடம் வரைக்கும். இருபது அடி இருக்கும். ஆனா ஒரு சொல்லு அந்த இருபது அடியத் தாண்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள நம்புதாளை பஸ்ஸு ஸ்டாண்டை விட்டே கெளம்பியிருக்காது, பாத்துக்க."

இருபது அடி என்பது உண்மை. இரண்டு நிமிடம் என்பதும் உண்மை.

1948-இல் பிறந்தவள். மதுரையில் விடுதியில் தங்கிப் பியூசி வரை படித்தாள்; அந்தத் தெருவில் ஆங்கிலம் தெரிந்த ஒரே பெண். பத்தொன்பதில் நிக்காஹ், இருபத்திரண்டில் பெட்டியோடு உம்மா வீட்டுக்குத் திரும்பினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தாள். ஒருத்தியிடம் மாப்பிள்ளையின் குறட்டை என்றாள், இன்னொருத்தியிடம் மாமியாரின் குறட்டை என்றாள், மூன்றாமவளிடம் அந்த வீட்டுப் பூனையும் குறட்டை விட்டது என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

1977-இல் அவள் அண்ணன், ஹாஜா முகைதீன் காக்கா, குவைத்திலிருந்து டேப் ரெக்கார்டர் ஒன்று கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவள் வீட்டு முன்கூடம் தெருப் பெண்களுக்குத் தபால் நிலையம் ஆனது. அப்போது வளைகுடாவுக்குப் போன ஆண்களும் வீட்டிலிருந்த பெண்களும் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை. கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். ஊருக்கு வருகிற யாராவது சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் தபாலில் வரும். கணவர் பேசியதைக் கேட்டுவிட்டு, அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே தன் பேச்சைப் பதிந்து மனைவி திருப்பி அனுப்புவாள். அவர் அதன்மேல் பதிந்து அனுப்புவார். இப்படி ஒரே கேசட் வருடக்கணக்கில் கடல் தாண்டிப் போய்வந்தது. பெருநாளுக்கு வருகிற கேசட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஜுனைதா பொத்தான்களை அமுக்கித் தருவாள். எந்தப் பெண் என்ன பேசினாலும் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். பேசி முடித்ததும் நாடாவைத் தொடக்கம் வரை சுற்றித்தான் உறையில் போடுவாள். அங்கே கேட்கிறவர் போட்டதும் முதல் சொல்லிலிருந்து கேட்க வேண்டும் அல்லவா?

இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவளுக்கு இன்னொரு கிறுக்கு பிடித்தது 1980-இல்.

சிற்றலையில் ஏதோ ஒரு நாட்டு ஆங்கில நிலையம். வாரம் ஒருநாள், மாலை அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம், ஆறு வாரம். ஒலிநாடாவையும் மின்சாரத்தையும் வைத்து இசை செய்த பெண்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. கரகரப்பில் பெயர்கள் எல்லாம் கரைந்துபோயின. அதனால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். உலோக விளக்குமூடி ஒன்றைத் தட்டி, அந்த ஒலியைப் பதிந்து, தட்டிய தொடக்கத்தை மட்டும் பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு மிச்ச ரீங்காரத்தில் பாட்டு செய்தவள் விளக்குமூடிக்காரி. ஒரு பெட்டியில் பதிகிற நாடாவை அப்படியே இழுத்துப்போய் அடுத்த பெட்டியில் ஓடவிட்டு, தான் வாசித்தது சற்றுக் கழித்துத் தன்னிடமே திரும்பி வரும்படி செய்தவள் ரெட்டைப்பெட்டிக்காரி. மூன்றாமவள் நெடுமூச்சுக்காரி, அவள் இசையில் ஒரே ஒலி நெடுநேரம் நிற்கும், மாறுவதே தெரியாது, ஆனால் மாறியிருக்கும். நான்காம் வாரம் கரண்ட் போய்விட்டது. அந்தப் பெண் யார், என்ன செய்தாள் என்று ஜுனைதாவுக்கு இன்றுவரை தெரியாது. "நல்ல விஷயமெல்லாம் அவதான் சொல்லியிருப்பா" என்பாள்.

நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். படம் கிடையாது, புத்தகம் கிடையாது. காதால் கேட்டதைக் கையால் செய்து பார்ப்பதுதான் பாடம்.

முதலில் விளக்குமூடி. வீட்டில் அது இல்லை. நெய்ச்சோறு ஆக்கும் செம்புத் தேக்சா இருந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டிப் பதிந்தாள். பிளேடால் தொடக்கத்தை வெட்டினாள், செலோடேப்பை நூல் அகலத்துக்கு நறுக்கி ஒட்டினாள். போட்டுக் கேட்டதும் பிடரி சிலிர்த்தது. தட்டுகிற கை அந்த ஒலியில் இல்லை. யாரும் தொடாமலே ஒரு பாத்திரம் முனகுவதுபோல் இருந்தது. தொண்டிக் கடலில் பெரிய அலை கிடையாது. உச்சிவெயிலில் தெருவே அடங்கியிருக்கும். அந்த அமைதியில் முனகல் சுவர் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் ஜின்னை விரட்ட ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கிவிட்டார்.

அடுத்த வருடம் காக்கா இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்ததும் ரெட்டைப்பெட்டிக்காரியின் பாடம். கேசட் கூட்டின் மூலையை அறுத்து, நாடாவை வெளியே எடுத்து, வழியில் சர்பத் பாட்டில்களை நிறுத்தி, அவற்றின் கழுத்தில் வளைத்து, அடுப்படிப் பெட்டியிலிருந்து முன்கூடத்துப் பெட்டிக்குக் கொண்டுபோனாள். அவள் உம்மா காலிதா அடுப்படிக்கு வந்தார்.

"என்னடி இது, பாட்டிலுக்கெல்லாம் மாலை போட்டு வச்சிருக்க? உனக்குப் புடிச்சது ஜின்னா, கிறுக்கா, ஒண்ணச் சொல்லு. ஓதிப் பாக்குறதா, ஊசி போடுறதான்னு நான் முடிவு பண்ணணும்."

சொல்லிவிட்டு முன்கூடத்துக்குப் போய் வெற்றிலையை மடித்தார். தன் வாயில் வெற்றிலை நிறைந்திருக்க, தன் குரலே எதிரிலிருந்து, "என்னடி இது, பாட்டிலுக்கெல்லாம்" என்று தொடங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை கேட்டார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இன்னமே இந்த வீட்டுல நான் பேச மாட்டேன். நான் பேசுனா அது எங்கிட்டயே திரும்பி வருது." மூன்று நாள் உண்மையாகவே பேசவில்லை. அது தன் சாதனைகளில் எல்லாம் பெரியது என்பாள் ஜுனைதா.

நெடுமூச்சுக்காரியின் பாடம்தான் கடினம். அதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் வெற்று நாடாவைப் போட்டுக் கேட்டாள். முதலில் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு இரைச்சலுக்குள் படிகள் தெரிந்தன. இரண்டு வருடத்தில், காலி என்று எல்லோரும் சொல்லும் நாடாவைக் கேட்டு, அது எந்தப் பெட்டியில் பதிந்தது, மின்விசிறி ஓடியதா, அறையில் ஆள் இருந்தாரா என்று சொல்லும் காது அவளுக்கு வந்துவிட்டது. அவள் செய்த இசையை ஆயுளில் ஒரு டஜன் பேர் கேட்டிருந்தால் அதிகம். ஆனால் அந்தக் காது பலருக்குப் பயன்பட்டது. ஒருத்திக்கு மிகவும் பயன்பட்டது.

அவள் லத்தீபா. நான்கு வீடு தள்ளி இருந்தாள். கணவர் சீனி முகம்மது அபுதாபியில் கட்டட வேலையில் இருந்தார். மகளுக்கு மூன்று வயது. வாப்பாவைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தது.

1984 மாசியில் சீனி முகம்மதுவின் கேசட் வந்தது. லத்தீபா முன்கூடத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டாள். மழை பெய்ததைச் சொன்னார், அறையில் மீன் சமைத்துக் கருகியதைச் சொன்னார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

லத்தீபா எழுந்து வந்து பொத்தானை அமுக்கினாள். பேச்சு நின்றது.

"இன்னும் இருக்குடி" என்றாள் ஜுனைதா. "சுத்துறதுக்கு முந்தி நாடா நின்ன எடத்தப் பாத்தேன், இன்னும் எட்டு நிமிஷத்துக்குப் பேசியிருக்காரு. கேளு."

"எதுக்கு? எவ்வளவு வருத்தமா இருக்குன்னு சொல்வாக. கேட்டுக் கேட்டுக் காதே புளிச்சுப் போச்சு ராத்தா. சுத்துங்க, நான் பேசணும்."

"கோவத்துல பேசாத. வேற கேசட்டு தாரேன், அதுல போடு. இது இருக்கட்டும்."

"இதுலயே போடுங்க. அவுக பேச்சு மேலயே எம் பேச்சு விழட்டும்."

பன்னிரண்டு நிமிடம் பேசினாள். அழவே இல்லை. மகள் போட்டோவைப் பார்த்து 'இது எந்த மாமா' என்று கேட்பதைச் சொன்னாள். கடைசியில், "இன்னமே கேசட்டு அனுப்பாதீக. வந்தா ஆளா வாங்க. வெறும் கொரலு எனக்கு வேணாம்" என்று சொல்லி நிறுத்தினாள். ஜுனைதா நாடாவைத் தொடக்கம் வரை சுற்றி, உறையில் போட்டு, விலாசம் எழுதினாள்.

லத்தீபாவின் பேச்சு எங்கே நின்றதோ, ஏறக்குறைய அங்கேதான் அவர் பேச்சையும் அவள் நிறுத்தியிருந்தாள். அதற்கு மேல் அவர் பேசிய எட்டு நிமிடம், யாரும் கேட்காமல், அழியாமல், கேசட்டிலேயே கடல் தாண்டிப் போனது.

மூன்று வாரத்தில் தந்தி வந்தது. வேலைக்குப் போன லாரி கவிழ்ந்து சீனி முகம்மது மவுத். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

லத்தீபா இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள், உம்மா வீட்டு உள்ளறை, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. நாற்பது நாள் கழித்து சீனி முகம்மதுவின் துணிப்பெட்டியைக் கொண்டுவந்தவர் பாக்கர். அபுதாபியில் ஒரே அறையில் இருந்தவர், தேவிபட்டினத்துக்காரர். முன்கூடத்தில் பெட்டியை வைத்தார், துஆ கேட்டார், தேநீரைத் தொடாமலே போய்விட்டார். பெட்டியில் நான்கு சட்டை, ஒரு கைலி, மகளுக்கு ஒரு ஜோடி செருப்பு, ஒரு கேசட்.

மறுநாள் லத்தீபா ஜுனைதாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். கேசட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்த எட்டு நிமிஷம் இதுல இருக்குல்ல ராத்தா? நான் கேக்காம விட்டது?"

"நீ பேசுனதுக்கு அங்கிட்டு இருக்கும். அழிஞ்சிருக்காது."

"எனக்கு அது வேணும். அவுக கடைசியா எனக்குச் சொன்னது அது. என்ன வேணா இருக்கட்டும், திட்டாக்கூட இருக்கட்டும். ஆனா நீங்க மொதல்ல கேளுங்க. எனக்கு நெஞ்சு இல்ல."

வீட்டுக்கு வந்ததும் ஜுனைதா கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் தொடக்கம் வரை சுற்றி அனுப்பிய நாடா இப்போது தொடக்கத்தில் இல்லை. வலது பக்கச் சுருள் தடித்திருந்தது. அங்கே யாரோ போட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

பெட்டியில் போட்டாள். லத்தீபாவின் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. "வெறும் கொரலு எனக்கு வேணாம்." ஒரு 'டக்'. அதன்பின் சீனி முகம்மதுவின் குரல் வர வேண்டும்.

வரவில்லை. இன்னொரு 'டக்' கேட்டது. பிறகு ஒரு அறை. மின்விசிறி ஒன்று தாளம் தப்பிச் சுற்றியது. அதற்குள், ஒலிவாங்கிக்கு மிக அருகில், ஒரு ஆணின் மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டது. சொல் இல்லை. எட்டு நிமிடம் அந்த மூச்சு மட்டும் இருந்தது. முடிவில் தூரத்தில் பாங்கு தொடங்க, 'டக்' என்று நின்றது.

ஜுனைதா பெட்டியை அணைத்தாள். நடந்தது தெளிவாகத் தெரிந்தது. மனைவி சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, தான் பேசிய மிச்சத்தின் மேலேயே பதிவுப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். தன் சொற்களைத் தானே அழித்து, அந்த இடத்தில் மூச்சை வைத்திருக்கிறார். குரல் வேண்டாம் என்றாளே, அதற்குப் பதில் இது.

ஆனாலும் விட மனமில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பூமிநாதனிடம் முன்பே ஒரு விஷயம் கற்றிருந்தாள். பெட்டிக்குள் நாடா உரசுகிற சின்ன உலோகத்தைத் தலை என்பார்கள். "ரெண்டு செட்டுக்குத் தலை ஒரே ஒசரத்துல இருக்கவே இருக்காதுக்கா" என்றிருந்தார் அவர். "ஒரு செட்டுல பேசுனத வேற செட்டுல அழிச்சா, ஓரத்துல ஒரு மயிரிழை தப்பிச்சுக் கெடக்கும். ஒரே செட்டுல அழிச்சா சுத்தமாப் போயிரும்."

திருகாணியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, தலையை நாடாவின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். லத்தீபாவின் குரல் மங்கியது. அவள் மூச்சு வாங்கும் இடைவெளிகளில், அடிக்கிணற்றிலிருந்து வருவதுபோல், வேறொரு குரல் எழுந்தது. "மழை..." என்றது. சற்றுக் கழித்து, "மீனு..." அவர் அங்கே அவர் பெட்டியில் பேசியது, ஜுனைதாவின் பெட்டியில் முழுதாக அழியாமல் ஓரத்தில் கிடந்தது. செத்தவர் மீனைப் பற்றிப் பேசுவதை மேலே இருந்த பெண் குரல் அறியாமல் திட்டிக்கொண்டே போனது. ஜுனைதா எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மூச்சு வந்தது. ஆறாவது நிமிடத்தில், மூச்சுக்குக் கீழே, ஒரு முணுமுணுப்பு கேட்டது. நான்கைந்து சொல் நீளம். பிறகு மறுபடி.

அடியில் கிடக்கும் பழைய பேச்சோ என்று ஒரு கணம் துள்ளினாள். உடனே அடங்கினாள். அவர் பேச்சும் அவர் மூச்சும் ஒரே பெட்டியில் பதிந்தவை. பூமிநாதன் சொன்ன கணக்குப்படி அடியில் எதுவும் மிஞ்சாது. அப்படியானால் இது மூச்சு விட்டுக்கொண்டே அவர் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டது. சபித்தாரோ, ஓதினாரோ.

பிரதி எடுத்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டாள். இருபது பகல் கேட்டாள். மூச்சு, முணுமுணுப்பு, மூச்சு, முணுமுணுப்பு. சொல் பிடிபடவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. பெட்டியை அணைத்த பிறகும் கூடத்தில் அந்த மூச்சு நின்றது. குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது பிடரியில் பட்டது. காலிதா ஒருநாள் கேட்டார்: "யாருடி உங்கூட உக்காந்திருக்கது? ரெண்டு பேரு மூச்சு விடுற மாதிரி இருக்கு." ஜுனைதா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய் வராத நாள் அவள் ஆயுளில் அது ஒன்றுதான்.

இதை எப்படி லத்தீபாவிடம் கொண்டுபோவது? உன் சொல்லைக் கேட்டுத்தான் போனார், தன் சொல்லை அழித்துவிட்டுப் போனார் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். லத்தீபா எடுத்து வைத்திருந்த பெருநாள் கேசட்டுகள் மூன்றை, குரல் விளங்குகிறதா என்று ஒத்துப்பார்க்க வேண்டும் எனச் சொல்லி வாங்கிவந்தாள். பிரதி எடுத்தாள். பிரதியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக நறுக்கினாள். விளக்குமூடிக்காரி கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் சீவினாள், அப்போதுதான் ஒட்டு தெரியாது. எட்டுத் துண்டு. "லத்தீபா... ஒண்ணும் மனசுல வச்சுக்காத... எனக்கு வருத்தம் இல்ல... வாரேன்." போட்டுக் கேட்டாள். சீனி முகம்மது பேசினார். வேலை சுத்தம். சுத்தமாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

டேப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லத்தீபாவின் உம்மா வீட்டுக்குப் போன அன்று, முன்கூடத்தில் பாக்கர் உட்கார்ந்திருந்தார். விடுமுறை முடிந்து மறுவாரம் திரும்புகிறவர், சொல்லிக்கொள்ள வந்திருந்தார். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே திரை தொங்கியது. ஜுனைதா ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"கெடச்சுச்சா ராத்தா?"

"கெடச்சுச்சு. கொஞ்சந்தான்."

போட்டாள். திரைக்கு அப்பால் பாக்கரின் கோப்பை சாசரில் பட்டு நின்றது. லத்தீபா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை கண்ணைத் திறந்தாள்.

"இது அவுக கொரலுதான். ஆனா அவுக பேசல."

"என்னடி சொல்ற?"

"சொல்லு எடுக்குறதுக்கு முந்தி ஒரு மூச்சு வாங்குவாக. மூக்குல. கூடப்பொறந்த பழக்கம். இதுல ஒண்ணுக்குக்கூட மூச்சு இல்ல. யாரு வெட்டுனது, நீங்களா?"

ஜுனைதா கேசட்டை வெளியே எடுத்தாள்.

"மவுத்தானவுக வாயில நீங்க வார்த்தைய வைக்கிறீகளே ராத்தா. எனக்கு அதுவா வேணும்? எட்டு நிமிஷத்துல என்ன இருக்கு? அதப் போடுங்க."

"வேணாம்டி."

"போடுங்க."

போட்டாள். திருகாணியைத் திருப்பித் தலையை நாடாவின் ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். தாளம் தப்பிய மின்விசிறி. மூச்சு. லத்தீபா பெட்டியின் துணிமுகத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அறையில் இருந்த இரண்டு பெண்களின் மூச்சும் அந்த மூச்சின் தாளத்துக்கு வந்துவிட்டது. ஆறாவது நிமிடத்தில் கீழே முணுமுணுப்பு எழுந்தபோது லத்தீபா தலையைத் தூக்கினாள். பாங்கு தொடங்கி, 'டக்' என்று நின்றது.

"அவுக பேசுனத அவுகளே அழிச்சுட்டாக" என்றாள். குரலில் ஈரமே இல்லை. "நான் சொன்னதக் கேட்டுட்டு, எனக்கு ஒண்ணுமே வைக்காமப் போயிட்டாக. அதான?"

ஜுனைதா தலையசைத்தாள்.

"இல்ல மச்சி." திரைக்கு அப்பாலிருந்து பாக்கர். எழுந்து நின்றுவிட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. "சீனி காக்கா அதக் கேக்கவே இல்ல. தபாலு வந்தது அவுக மவுத்தான மறுநாளு."

லத்தீபா திரையின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த மூச்சு?" என்றாள் ஜுனைதா.

"நாந்தான் ராத்தா. பெட்டி கட்டுறப்ப, மச்சிக்கு நாலு வார்த்த ஆறுதலாப் பேசிப் பதிஞ்சு வைப்போம்னு நெனச்சேன். எங்கிட்டு எடமிருக்குன்னு பாக்கப் போட்டேன், மச்சி பேசுனதையும் கேட்டுட்டேன். அல்லா மன்னிக்கணும். அது முடிஞ்ச எடத்துல ரெக்கார்ட அமுக்குனேன். வாயி வரல. மஃரிபுக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் அப்படியே ஒக்காந்திருந்தேன். அதுக்கு மேல காக்கா பேச்சு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

லத்தீபா முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். தந்தி வந்த பிறகு முதல்முறையாக அழுகை வந்தது. அவர் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவர் காதில் விழவில்லை. ஆனால் அந்த எட்டு நிமிடமும் போய்விட்டது.

ஜுனைதாவின் மனதில் வேறொன்று நெருடியது.

"பாக்கர் தம்பி, எந்தப் பெட்டியில பதிஞ்சீக? சீனி முகம்மது பெட்டியிலயா?"

"அது ரிப்பேர் ராத்தா. என் செட்டுல."

"வேற செட்டா?" பூமிநாதன் சொன்ன மயிரிழை நினைவுக்கு வர, ஜுனைதாவின் கை திருகாணிக்குப் போனது. "சரி, ஆறாம் நிமிஷத்துல முணுமுணுத்தீகளே, அது என்ன? ஓதுனீகளா?"

"நானா?"

அவள் நாடாவைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் போட்டாள். மூச்சுக்குக் கீழே, சொல் எடுப்பதற்கு முன் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு. பிறகு அந்த முணுமுணுப்பு, நான்கைந்து சொல். லத்தீபாவின் விரல்கள் ஜுனைதாவின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கின.

திரைக்கு அப்பால் பாக்கர் கடைசிவரை கேட்டார்.

"மூச்சு என்னோடதுதான் ராத்தா" என்றார். "பேசுறது நானில்ல. நான் வாயத் தெறக்கவே இல்ல."